பரணில் கிடக்கும் பாட்டுப்பெட்டி: வைத்திருப்பதா, மாற்றுவதா?



வீட்டிற்கு வெள்ளையடிக்கும் பொழுதும், பிள்ளைகளின் திருமணத்திற்காக மாடி எழுப்பும் பொழுதும் நம் இல்லங்களில் தவறாமல் எழும் ஒரு கேள்வி உண்டு. பரணிலிருந்து இறக்கப்பட்ட பழைய டேப்ரிக்கார்டரை என்ன செய்வது என்பதே அது. சவூதியிலிருந்தோ குவைத்திலிருந்தோ, சிங்கப்பூரிலிருந்தோ மலேசியாவிலிருந்தோ சபர் முடிந்து ஊர் திரும்பிய வாப்பா, அத்தர்ப் புட்டிகளோடும் கம்பளிப் போர்வையோடும் சுமந்து வந்த பெட்டி அது. சில வீடுகளில் டூ-இன்-ஒன்னாக இருக்கும். வசதி படைத்த வீடுகளில் டெக் தனி, ஆம்ப்ளிஃபயர் தனி, இரண்டு பெரிய ஸ்பீக்கர்கள் தனி என்று அலமாரியையே அடைத்துக்கொண்டிருக்கும். அதற்கும் முந்தைய தலைமுறையின் இசைத்தட்டுக் கருவி ஒன்று துணி போர்த்தி மூலையில் இருப்பதும் உண்டு.

‘காயலாங்கடையில் போட்டுவிட்டு, உள்ளங்கையளவு புளூடூத் ஸ்பீக்கர் ஒன்றை வாங்கினால் போதும்’ என்கிறார் மகன். ‘உன் வாப்பா கொண்டுவந்த சாமான், அது பாட்டுக்குக் கிடக்கட்டும்’ என்கிறார் உம்மா. இருவர் கூற்றிலும் நியாயம் இருக்கிறது. ஆயினும், முழுப் பெட்டியையும் ஒன்றாக எண்ணி ஒரே தீர்ப்பு வழங்குவது சரியாகாது. அதன் ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனியே தீர்ப்புச் சொல்ல வேண்டும். அதற்கு முன்பாக, அப்பெட்டியின் அருகே அட்டைப்பெட்டியில் கிடக்கும் ஒலிநாடாக்களில் என்ன இருக்கிறது என்று பார்த்தாக வேண்டும். இக்கட்டுரை சொல்ல விரும்புவது இவ்வளவே.

ஒலி நடந்து வரும் பாதை

எந்தக் காலத்துக் கருவியானாலும் ஒலி மூன்று படிகளைக் கடந்துதான் நம் செவியை அடைகிறது. ஒலிநாடா, இசைத்தட்டு, வானொலி, கைப்பேசி போன்றவை முதற்படி. அவற்றில் ஒலி ஏதேனும் ஒரு வடிவில் உறைந்திருக்கிறது, அல்லது வந்து சேர்கிறது. அங்கிருந்து பெறும் மெல்லிய மின்னோட்டத்தை வலுப்படுத்தும் ஆம்ப்ளிஃபயர் இரண்டாம் படி. அந்த மின்னோட்டத்தை மீண்டும் காற்றின் அதிர்வாக மாற்றும் ஸ்பீக்கர் மூன்றாம் படி.

இம்மூன்றும் ஒரே வேகத்தில் வளர்ந்தவை அல்ல. இன்று நாம் காணும் ஸ்பீக்கரின் அடிப்படை அமைப்பை அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெல்லாக் ஆகிய இருவரும் 1925-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். காந்தத்தின் இடுக்கில் ஒரு கம்பிச்சுருள், அச்சுருளோடு ஒட்டிய ஒரு கூம்பு, இதுவே அவ்வமைப்பு. நூறாண்டுகள் கடந்த பின்னரும் பெரும்பாலான ஸ்பீக்கர்கள் இவ்வழியில்தான் இயங்குகின்றன. கூம்பின் பொருளும், பெட்டியைக் கணக்கிடும் முறையும் செம்மைப்பட்டிருக்கின்றன, அடிப்படை மாறவில்லை.

முதற்படியோ தலைகீழாக மாறிவிட்டது. லூ ஓட்டன்ஸ் என்னும் டச்சுப் பொறியாளரின் தலைமையில் பிலிப்ஸ் நிறுவனம் உருவாக்கிய கேஸட், 1963-இல் பெர்லின் கண்காட்சியில் அறிமுகமாயிற்று. 1982-இல் குறுந்தகடு விற்பனைக்கு வந்தது. அதன்பின் ஒலி வெறும் எண்களாகிக் கணினிக்குள்ளும் கைப்பேசிக்குள்ளும் குடிபுகுந்தது. ஆகவே, எந்தப் படி குறைவாக மாறியதோ அங்கே பழைய பொருளுக்கு மதிப்பு அதிகம் என்று பொதுவாகக் கொள்ளலாம்.

ஸ்பீக்கர்: அவசரப்பட்டு எறியாதீர்

பழைய கருவிகளில் காப்பாற்றத் தக்கவை பெரும்பாலும் ஸ்பீக்கர்களே. அடர்த்தியான மரப்பலகையில் செய்யப்பட்ட பெட்டியும், எட்டு அல்லது பத்து அங்குலக் கூம்பும் உடைய ஒரு நல்ல பழைய ஜோடி தரும் கீழ்ச்சுருதியின் நிறைவை, உள்ளங்கையளவு பிளாஸ்டிக் பெட்டியிடம் எதிர்பார்க்க இயலாது. கீழ்ச்சுருதி ஒலிக்க நிறையக் காற்றைத் தள்ள வேண்டும். அதற்குக் கூம்பின் பரப்பும் பெட்டியின் கொள்ளளவும் வேண்டும். புதிய சிறு ஸ்பீக்கர்கள் மின்னணுத் தந்திரங்களால் இக்குறையை ஓரளவு மறைக்கின்றன. ஆயினும் ஒலியளவைக் கூட்டும்பொழுது அக்குறை வெளிப்பட்டுவிடும்.

பழைய ஸ்பீக்கரைச் சோதிப்பது எளிது. முன்பக்கத் துணியைக் கழற்றுங்கள். கூம்பையும் இரும்புச் சட்டத்தையும் இணைக்கும் வளையத்தைப் பாருங்கள். அது நுரைப்பஞ்சால் ஆனதாயின், பதினைந்து இருபது ஆண்டுகளில் இற்றுப் பொடியாக உதிர்ந்திருக்கும். விரல் பட்டாலே நொறுங்கும். இதைக் கண்டு ஸ்பீக்கர் போய்விட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். அந்த வளையத்தை மட்டும் மாற்றித் தரும் கைவினைஞர்கள் இருக்கின்றனர். ரப்பர் வளையமாகவோ துணி வளையமாகவோ இருப்பின் இன்னும் நல்ல நிலையில் இருக்கக்கூடும். அடுத்து, இரு கைவிரல்களாலும் கூம்பைச் சமமாக மெல்ல அழுத்திப் பாருங்கள். உரசும் ஒலி கேட்டால் உள்ளே கம்பிச்சுருள் சாய்ந்திருக்கிறது என்று பொருள். அத்தகைய பழுதைச் சரிசெய்யச் செலவு கூடுதலாகும்.

ஆம்ப்ளிஃபயர்: கணக்குப் பார்த்து முடிவு செய்க

ஆம்ப்ளிஃபயரில் கனமான டிரான்ஸ்ஃபார்மரும் இரும்புச் சட்டமும் எளிதில் கெடுவதில்லை. முதலில் மூப்படைவது மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் கண்டென்சர்கள். அவற்றினுள் இருக்கும் ஈரப்பசை காலப்போக்கில் வறண்டுவிடும். சிலவற்றின் தலை உப்பி, அடியில் கசிவும் தெரியும். அப்பொழுது ஸ்பீக்கரில் ‘ம்ம்ம்’ என்ற இடைவிடாத முனகல் கேட்கும். ஒலியளவைத் திருகும்பொழுது எழும் கரகரப்பு, திருகியினுள் சேர்ந்த தூசியாலும் களிம்பாலும் வருவது. கரகரப்பை ஒரு சொட்டுத் துப்புரவுத் திரவம் போக்கிவிடும். முனகலுக்குச் சில கண்டென்சர்களை மாற்ற வேண்டியிருக்கும். இவை இரண்டும் பெருஞ்செலவில்லாத வேலைகள்.

உள்ளே இருக்கும் முக்கியமான ஐ.சி. எரிந்துபோய், அது இப்பொழுது உற்பத்தியில் இல்லாததாக இருந்தால் நிலைமை வேறு. அங்கே பிடிவாதம் தேவையில்லை. புதிய வகை ஆம்ப்ளிஃபயர்களில் ‘கிளாஸ் டி’ எனப்படுபவை, தாம் பெறும் மின்சாரத்தில் பத்தில் ஒன்பது பங்கு வரை ஒலிக்கான ஆற்றலாகவே மாற்றுகின்றன. பழைய வகையில் பாதிக்குச் சற்றே கூடுதலாகப் பயன்பட்டு, எஞ்சியது வெப்பமாக வீணாகும். ஆகவேதான் பழையது செங்கல் சுமையாகவும், புதியது ஒரு புத்தக அளவிலும் இருக்கின்றன. பழுதுபார்க்கும் செலவு, அதே ஆற்றலுள்ள புதிய ஆம்ப்ளிஃபயர் விலையில் பாதியைத் தாண்டுமானால் புதியதை வாங்குவதே சிக்கனம். பழைய ஸ்பீக்கரையும் புதிய ஆம்ப்ளிஃபயரையும் இணைத்துக்கொள்வதில் தடையேதுமில்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: ஸ்பீக்கரின் பின்புறம் 4, 6, 8 என்று ஓம் அளவு எழுதப்பட்டிருக்கும். ஆம்ப்ளிஃபயரில் குறிப்பிட்டுள்ள குறைந்தபட்ச அளவைவிட அது குறைவாக இருத்தல் கூடாது. இருந்தால் ஆம்ப்ளிஃபயர் சூடேறிப் பழுதாகலாம்.

டெக்கும் இசைத்தட்டுக் கருவியும்

விந்தை என்னவென்றால், காலம் முழுவதுமாக ஒதுக்கிவிட்டதாகக் கருதப்படும் கேஸட் டெக்தான் இன்று மாற்றுக் கிடைக்காத பொருளாகிவிட்டது. புதிய கேஸட் கருவிகள் இப்பொழுதும் சந்தைக்கு வருகின்றன. ஆனால் அவற்றுள் பெரும்பாலானவை எளிய, மலிவான ஓர் இயந்திர அமைப்பையே கொண்டவை. நாடாவைச் சீரான வேகத்தில் இழுக்க 1980-களின் நல்ல டெக்குகளில் இருந்த கனத்த சுழல்சக்கரமும் துல்லியமான மோட்டாரும் அவற்றில் இல்லை. வேகம் நடுங்கினால் குரலும் நடுங்கும்.

பழைய டெக் ஓடவில்லை என்றால், பத்தில் பல வேளைகளில் காரணம் ஒரு ரப்பர் பெல்ட். அது நீண்டு தளர்ந்திருக்கும். அல்லது தார் போல் உருகிச் சக்கரத்தில் ஒட்டியிருக்கும். பெல்ட்டை மாற்றி, நாடாவை அழுத்தும் ரப்பர் உருளையையும் ஹெட்டையும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தோய்த்த பஞ்சால் துடைத்தால், பல ஆண்டுகள் பேசாதிருந்த பெட்டி மீண்டும் பேசும்.

இசைத்தட்டுக் கருவியின் கதையும் இதுவே. டெக்னிக்ஸ் நிறுவனம் 1972-இல் தொடங்கிய தனது புகழ்பெற்ற எஸ்.எல்.-1200 வரிசையை 2010-இல் நிறுத்தியது; வேண்டுவோர் பெருகவே 2016-இல் மீண்டும் கொணர்ந்தது. அமெரிக்காவில் 2020-ஆம் ஆண்டு இசைத்தட்டு விற்பனையின் வருமானம் குறுந்தகட்டு வருமானத்தை மிஞ்சியது. ஆகவே உங்கள் வீட்டு இசைத்தட்டுக் கருவியைப் பழைய இரும்பின் எடைக்கு விற்பது அறிவுடைமை ஆகாது. தேய்ந்த முள்ளோடு தட்டை ஓட்டாதீர்கள். அது தட்டையே உழுதுவிடும். முள்ளை மட்டும் மாற்றிக்கொள்ள முடியும். மற்றொரு செய்தி: காந்தவகை முள் தரும் மின்னழுத்தம் சில மில்லிவோல்ட் மட்டுமே. பழைய ஆம்ப்ளிஃபயர்களில் அதற்கெனவே ‘ஃபோனோ’ என்ற துளை இருந்தது. புதியவற்றுள் பலவற்றில் அது இல்லை. அப்படிப்பட்டதை வாங்கினால் இடையே ஃபோனோ பிரீஆம்ப் என்னும் சிறு கருவி ஒன்றைச் சேர்த்து வாங்க வேண்டும்.

புதியது எங்கே சிறந்தது?

பழையதன் பெருமையைப் பேசுவதால் புதியதைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. காரி அப்துல் பாஸித் அவர்களின் கிராஅத்தையோ, நாகூர் இ.எம். ஹனிபா அவர்களின் பாடல்களையோ கேட்க இன்று கேஸட்டைத் தேடி அலைய வேண்டியதில்லை. கைப்பேசியிலிருந்தோ பென் டிரைவிலிருந்தோ இரைச்சலின்றிக் கேட்கலாம். நாடாவுக்கே உரிய ‘உஸ்’ என்ற ஓசை எண்வழி ஒலியில் இல்லை. எத்தனை முறை ஒலித்தாலும் தேய்மானமும் இல்லை. அறைக்கு அறை எடுத்துச் செல்லவும், சமையற்கட்டில் வேலையினிடையே கேட்கவும் சிறிய புளூடூத் ஸ்பீக்கரே பொருத்தம். இவ்வகையில் மகன் கூறியது முற்றிலும் சரியே.

ஆனால் வாங்கும்பொழுது விளம்பரத்தைக் கண்டு மயங்க வேண்டாம். ‘1000 வாட்ஸ் பி.எம்.பி.ஓ.’ என்று பளபளக்கும் எழுத்துகளில் அச்சிட்ட பெட்டிகள் ஒரு காலத்தில் கடைத்தெருவை நிறைத்திருந்தன. பி.எம்.பி.ஓ. என்பது கண்ணிமைக்கும் பொழுதில் தோன்றி மறையும் உச்சத்தைக் கணக்கிடும் முறை. அதற்குப் பொதுவான அளவுகோல் கிடையாது. தொடர்ந்து எவ்வளவு ஆற்றல் தரும் என்பதைச் சொல்வது ஆர்.எம்.எஸ். என்னும் அளவே. பெட்டியில் அது அச்சிடப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள். சாதாரண அளவுள்ள ஒரு கூடத்திற்கு உண்மையான இருபது, முப்பது வாட்ஸ் தாராளமாகப் போதும்.

இன்னொன்று: நம் வீடுகளின் தரை மொசைக்காகவோ டைல்ஸாகவோ இருக்கிறது, சுவர்கள் வெறுமையாக இருக்கின்றன. ஒலி மோதித் திரும்பி எதிரொலிக்கிறது. பல ஆயிரம் ரூபாய்க் கருவியை வாங்குவதற்கு முன், ஒரு கம்பளத்தை விரித்து, கனமான திரைச்சீலையைத் தொங்கவிட்டு, ஸ்பீக்கரைச் சுவரின் மூலையிலிருந்து ஓர் அடி முன்னே நகர்த்திப் பாருங்கள். புதிய கருவி வாங்கிய அளவுக்கு வேறுபாடு தெரிவதுண்டு. செலவின்றிக் கிடைப்பதை விட்டுவிட்டுச் செலவழித்துத் தேடுவது வீண்விரயம் அன்றோ?

மின்சாரம் குறித்து ஓர் எச்சரிக்கை

வெளிநாட்டுப் பெட்டிகளை நீண்ட இடைவெளிக்குப் பின் இயக்குவோர் அவசரப்படக் கூடாது. சவூதி அரேபியாவில் அந்நாட்களில் வீடுகளுக்கு 127 வோல்ட், 60 சைக்கிள் மின்சாரம் பரவலாக வழங்கப்பட்டது. குவைத், துபாய், சிங்கப்பூர் ஆகிய இடங்களில் நம் நாட்டைப் போன்ற உயர் அழுத்தமே. ஆகவே சவூதியில் வாங்கிய பெட்டியின் பின்புறத்தில் 110, 220 என்று மாற்றும் திருகி இருக்கிறதா, அது எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று முதலில் பாருங்கள். 110-இல் இருக்கும்பொழுது நம் வீட்டு மின்சாரத்தில் செருகினால் ஒரே நொடியில் புகைந்துவிடும். திருகி இல்லாத 110 வோல்ட் பெட்டிக்கு ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். சைக்கிள் வேறுபாட்டால் சில பழைய இசைத்தட்டுக் கருவிகளின் மோட்டார் இங்கே மெதுவாகச் சுழலும். மின்கலத்திலும் இயங்கக்கூடிய டேப்ரிக்கார்டர்களுக்கு இத்தொல்லை இல்லை.

வால்வு ரேடியோ வைத்திருப்போர் இன்னும் கூடுதலான கவனம் கொள்ள வேண்டும். அதனுள்ளே 250 வோல்ட்டுக்கு மேற்பட்ட மின்னழுத்தம் இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பின்னரும் கண்டென்சர்களில் மின்சாரம் தேங்கி நிற்கும். சில வகைகளில் இரும்புச் சட்டமே மின்சாரத்தோடு நேரடித் தொடர்பில் இருக்கும். பிள்ளைகள் அதைத் திறந்து விளையாட விடாதீர்கள். பழக்கமுள்ள மெக்கானிக்கிடம் ஒப்படையுங்கள்.

நாடாவில் உறங்குவது யார்?

இதுவரை பெட்டியைப் பற்றிப் பேசினோம். இனி அதனருகே கிடக்கும் ஒலிநாடாக்களுக்கு வருவோம். அவற்றை இரண்டு குவியலாகப் பிரியுங்கள். கடையில் விலைக்கு வாங்கியவை ஒரு குவியல். வீட்டில் பதிவு செய்தவை மற்றொன்று. முதற்குவியலில் உள்ளவற்றுள் பெரும்பாலானவை வேறெங்கோ பத்திரமாக இருக்கின்றன. உங்கள் நாடா அழிந்தாலும் அந்தப் பாடல் உலகிலிருந்து மறைந்துவிடாது. இரண்டாம் குவியலில் இருப்பவை உலகிலேயே உங்கள் அட்டைப்பெட்டியில் மட்டும் இருப்பவை.

1970-களிலும் 80-களிலும் தொலைபேசி அரிதாகவும், அயல்நாட்டு அழைப்பு பெருஞ்செலவாகவும் இருந்தன. எழுதப் படிக்க அறியாத உம்மாமார்கள் பலர் இருந்தனர். அக்காலத்தில் சபராளிகள் கடிதத்திற்குப் பதிலாகக் கேஸட்டில் பேசி, ஊருக்கு வருவோரிடம் கொடுத்தனுப்பினர். வீட்டார் அனைவரும் கூடி அமர்ந்து அதைக் கேட்டனர். பின்னர் அதே பெட்டியின் முன் அமர்ந்து, ஸலாம் கூறி, ஒவ்வொருவராக மறுமொழி பேசினர். மழலையில் ஸூரா ஓதிக் காட்டிய பிள்ளைக்கு இன்று பேரப்பிள்ளைகள் இருக்கலாம். வீட்டில் நடந்த நிகாஹ், ஊருக்கு வந்த ஆலிம் பெருமக்களின் பயான், உம்மம்மா பாடிய தாலாட்டு ஆகியவையும் இவ்வாறே பதிவாயின. அந்நாளில் புகைப்படத்திற்கு நிற்கத் தயங்கிய பெண்மணிகள் எத்தனையோ பேர்! அவர்களுள் சிலருடைய அடையாளமாக இன்று எஞ்சியிருப்பது அந்நாடாவில் உள்ள குரல் மட்டுமே.

இங்கேதான் பழைய பெட்டியின் மதிப்பு பன்மடங்காகிறது. நாடா 4 மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைந்த அகலமுடையது, நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் வேகத்தில் ஹெட்டைக் கடந்து செல்கிறது. ஹெட் ஒரு மயிரிழை சாய்ந்திருந்தாலும் ஒலியின் கூர்மை மங்கிவிடும். உங்கள் பெட்டியின் ஹெட் ஒரு பக்கம் சாய்ந்திருந்த நிலையிலேயே பதிவு நடந்திருக்குமானால், அந்த நாடா அதே பெட்டியில்தான் தெளிவாக ஒலிக்கும். விலையுயர்ந்த வேறு டெக்கில் கம்பளிக்குள்ளிருந்து பேசுவது போல் கேட்கும். ஆகவே வீட்டில் பதிந்த நாடாக்கள் இருக்கும் வரை, அவற்றைப் பதிந்த பெட்டியை விற்காதீர்கள்.

குரலைக் காப்பாற்றும் வழி

நாடாவுக்கும் ஆயுள் உண்டு. நம்மவர் பலர் வாழும் கடலோர ஊர்களில் காற்றின் ஈரமும் உப்பும் அதை இன்னும் குறைக்கின்றன. ஆகவே பின்வரும் பணியை இந்த விடுமுறையிலேயே தொடங்குங்கள். கணினி அறிந்த பிள்ளைகள் வீட்டில் இருப்பார்கள். அவர்களிடமே பொறுப்பை ஒப்படையுங்கள்.

முதலாவதாக, ஒவ்வொரு கேஸட்டின் மேல்விளிம்பிலும் உள்ள இரு சிறு பிளாஸ்டிக் தகடுகளை உடைத்துவிடுங்கள். அதன்பின் தவறிச் சிவப்புப் பொத்தானை அழுத்தினாலும் பழைய பதிவு அழியாது.

இரண்டாவதாக, சாளரம் வழியே நாடாச் சுருளைப் பாருங்கள். வெண்ணிறப் புள்ளிகள் தெரிந்தால் பூஞ்சை பிடித்திருக்கிறது. அதை அப்படியே ஓட்டினால் பெட்டியும் கெடும். அடுத்த நாடாவுக்கும் பூஞ்சை பரவும். அவற்றைத் தனியே எடுத்து வைத்து, அறிந்தவரிடம் காட்டுங்கள். நாடாவை அழுத்தும் சிறிய பஞ்சுத்துண்டு கழன்றிருந்தாலும், நாடா அறுந்திருந்தாலும் அஞ்ச வேண்டாம். திருகாணி உள்ள வேறொரு கேஸட்டின் கூட்டிற்கு நாடாவை மாற்றிவிடலாம். ‘90’ வகை நாடா ‘60’ வகையைவிட மெல்லியது. ‘120’ அதனினும் மெல்லியது. அவற்றை வேகமாக முன்னும் பின்னும் ஓட்டாதீர்கள்.

மூன்றாவதாக, முதலில் விலைக்கு வாங்கிய ஒரு நாடாவைப் போட்டுப் பெட்டி ஒழுங்காக ஓடுகிறதா என்று பாருங்கள். பழுதான பெட்டி நாடாவைத் தின்றுவிடும். அந்தச் சோதனை, மறைந்தவர் ஒருவரின் குரல் மேல் நடக்க வேண்டாம்.

நான்காவதாக, டெக்கின் ‘லைன் அவுட்’ துளையிலிருந்தோ, டூ-இன்-ஒன்னின் இயர்போன் துளையிலிருந்தோ ஒரு கம்பியை எடுத்து, யு.எஸ்.பி. ஒலிப்பதிவுக் கருவி வழியாகக் கணினியில் செருகுங்கள். சில பழைய ஐரோப்பியப் பெட்டிகளில் ஐந்து முனை வட்டத்துளை இருக்கும். அதற்கேற்ற மாற்றுக் கம்பி கிடைக்கிறது. ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருள் பதிவுக்குப் போதும். ஒலியளவு காட்டி சிவப்பைத் தொடாதவாறு பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்பீக்கரின் முன் கைப்பேசியை வைத்துப் பதிவது, வேறு வழியே இல்லாதபொழுது மட்டும் செய்யத் தக்கது.

ஐந்தாவதாக, சுருக்கப்படாத ‘வேவ்’ கோப்பாகச் சேமியுங்கள். குறுந்தகட்டுத் தரத்தில் ஒரு நிமிடத்திற்கு ஏறத்தாழ 10 மெகாபைட் ஆகும். 32 ஜிகாபைட் கொள்ளளவில் ஏறத்தாழ ஐம்பது அறுபது-நிமிட நாடாக்கள் அடங்கும். வாட்ஸ்அப் வழி அனுப்பிவைத்தால் போதும் என்று எண்ணாதீர்கள். நிரந்தரச் சேமிப்புக்கு அது உரிய இடமன்று. வீட்டில் பதிந்த குறுந்தகடும் நாளடைவில் சாயம் மங்கிப் படிக்க இயலாது போகும். எனவே இரு வேறு இடங்களில், குறைந்தது மூன்று படிகள் வையுங்கள். ஒன்று வெளியூரிலுள்ள மகள் வீட்டில் இருக்கட்டும்.

ஆறாவதாக, யார் பேசுகிறார், எந்த ஆண்டு, எந்த ஊர் என்பதை மூத்தவர்கள் இருக்கும்பொழுதே கேட்டு எழுதி வையுங்கள். ‘இது பெரியம்மாவின் குரல்’ என்று அடையாளம் சொல்ல ஒருவரும் இல்லாத நாளில், அந்தக் குரல் ஓர் அந்நியரின் குரலாகிவிடும்.

ஒரு நாடாவை மாற்ற, அது ஓடும் நேரம் முழுவதும் காத்திருந்தே ஆக வேண்டும், குறுக்குவழி இல்லை. வாரம் இரண்டு நாடா என்று வைத்துக்கொண்டால், ஐம்பது நாடாக்கள் ஆறு மாதத்தில் முடிந்துவிடும்.

அமானிதம் என்னும் பொறுப்பு

இதில் மறக்கக் கூடாத ஒன்று உண்டு. அந்நாடாக்களுள் சில, கணவன் மனைவிக்கென்றே பேசி அனுப்பியவை. சிலவற்றில் கடன் பற்றிய கவலையும், குடும்பத்துச் சச்சரவும், சம்பளம் வராத மாதங்களின் துயரமும் இருக்கும். பேசியவர், நாற்பதாண்டுகளுக்குப் பின் பேரப்பிள்ளைகளும் சம்பந்திகளும் கேட்பார்கள் என்று எண்ணிப் பேசியவர் அல்லர். ஒருவர் மற்றவரை நம்பிக் கூறிய சொல் அமானிதம். நாடாவை எண்வழி மாற்றியவுடன் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடும் ஆவலைப் பிள்ளைகள் அடக்கிக்கொள்ள வேண்டும். யாருக்காகப் பேசப்பட்டதோ அவர் உயிரோடிருப்பின், அவரே முதலில் தனித்துக் கேட்கட்டும். எதைப் பகிரலாம், எது தன்னோடு இருக்கட்டும் என்று அவரே முடிவு செய்யட்டும். அவரும் மறைந்திருப்பின், குடும்பத்தின் மூத்தவர் ஒருவர் கேட்டு முடிவு செய்வதே முறை.

சிலருக்கு அக்குரலைக் கேட்பது ஆறுதல் தரும். சிலருக்கு அது தாங்க முடியாத வேதனையாகவும் இருக்கலாம். ஆகவே முன்னறிவிப்பின்றி உம்மாவின் முன்னால் வாப்பாவின் குரலை ஒலிக்கச் செய்து வியப்பூட்ட முயலாதீர்கள். ‘மாற்றி வைத்திருக்கிறோம், உங்களுக்கு வேண்டும்பொழுது கேட்கலாம்’ என்று சொல்லி வைப்பதே போதுமானது.

முடிவாக

நல்ல நிலையிலுள்ள பழைய ஸ்பீக்கரையும் இசைத்தட்டுக் கருவியையும் வைத்துக்கொள்ளுங்கள். ஆம்ப்ளிஃபயரைப் பழுதுச் செலவு பார்த்துத் தீர்மானியுங்கள். அன்றாடம் கேட்பதற்குப் புதிய கருவியைத் தேவைக்கு அளவாக வாங்குங்கள். டேப்ரிக்கார்டரை மட்டும், வீட்டுப் பதிவுகள் அனைத்தும் மாற்றப்பட்டு மூன்று இடங்களில் சேரும் வரை எவருக்கும் கொடுக்காதீர்கள். அதன் பின்னரும் அதை விட மனமில்லாவிட்டால், மாதம் ஒருமுறை சிறிது நேரம் ஓடவிடுங்கள். ஓடாத பெட்டியின் ரப்பர் உருளையில் ஒரே இடத்தில் பள்ளம் விழும். விட்டுவிடுவதென்றால் தீயிலோ குப்பையிலோ போடாமல், மின்னணுக் கழிவைப் பெறும் இடத்தில் சேருங்கள். அதன் இணைப்புகளில் ஈயம் இருக்கிறது.

பெட்டியை விற்றுவிட்டால், வேறொரு பெட்டியைத் தேடி வாங்கிவிடலாம். அதனுள் ஓடிய குரலை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. ஆகவே இந்த வெள்ளிக்கிழமை பிற்பகலில் அட்டைப்பெட்டியை இறக்கி, நாடாக்களை இரண்டு குவியலாகப் பிரிப்பதிலிருந்து தொடங்குங்கள்.